எதிர்முனையில் நிற்கிறவன்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பொறாமை புதிய சரக்கு அல்ல. கல்யாணமான புதிதில், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரின் குரல் கணீரென்று இருக்கிறதே என்று மனைவி சொல்லிவிட்டாள் என்பதற்காக, அந்த ரேடியோவைப் பால்கனியில் மழைக்குக் கொடுத்துவிட்டு, "அடடா, எடுத்து வைக்க மறந்துட்டேனே" என்று உச்சுக்கொட்டியவன். பக்கத்து வீட்டுப் பூனை அவள் மடியில் ஏறினால்கூட, அது ஆணா பெண்ணா என்று வாலைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கும். இதெல்லாம்கூடப் போகட்டும். மனைவி ஒரு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, சுண்டுவிரலைக்கூட அசைக்காமல், சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வயிறு எரிந்த புருஷன் என்றால், பூமி முழுக்கச் சலித்துப் பார்த்தாலும் அவன் ஒருவன்தான் கிடைப்பான்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய லாண்டரியில். ஆஸ்பத்திரிகள், ஓட்டல்கள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வரும். சூடான உருளைகளுக்கு நடுவில் நசுங்கி, ஆவி பறக்க வெளியே வரும் விரிப்பை இருவர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு உதறு. ஒரு இழு. பிறகு இருவரும் நடந்து நெருங்கி, முனையோடு முனை சேர்த்து, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி, குனிந்து மடிப்பு விழுந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாங்க வேண்டும். திரும்ப உதறு, திரும்ப நெருங்கு. பார்க்கிறவனுக்கு நடனம். செய்கிறவனுக்கு இடுப்பு ஒடியும் வேலை. அதற்குள் அடுத்த விரிப்பு உருளையிலிருந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்த ஈரத் தரையில்தான் ஒருநாள் அவள் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பும் காய்ந்த குச்சி மாதிரி முறிந்தன. தகடு வைத்து, திருகாணி போட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கட்டையும் கட்டி அனுப்பினார்கள். அசைக்கவே கூடாது என்பது உத்தரவு.

லாண்டரி மேற்பார்வையாளர் வந்து பழம் கொடுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"மழைக்காலம் முடியிற வரைக்கும் உன் இடத்தை வெச்சிருப்பேன்மா. அதுக்கப்புறம் முனையைப் பிடிக்க முடியலைன்னா, கீழே அழுக்கு பிரிக்கிற இடத்துக்குத்தான் போகணும். என்னைத் தப்பா நினைக்காதே."

அழுக்கு பிரிக்கிற இடம் என்பது நிலவறை. சன்னல் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து எது எதெல்லாம் ஒட்டிக்கொண்டு வருமோ அதையெல்லாம் முகர்ந்து தரம் பிரிக்க வேண்டும். அங்கே போனவர்கள் யாரும் மேலே திரும்பி வந்ததில்லை என்று அவள் சொல்வாள். ஏதோ கிணற்றில் தள்ளின மாதிரி.

"அங்க போறதுக்கு நான் வீட்டுலயே கிடந்துடுவேங்க" என்று அன்று இரண்டு முறை அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. அவன் கை கால் ஓடாமல், தெரிந்த ஒரே காரியமாக முட்டையை உடைத்து ஊற்றி, பாதி ஓட்டோடு பொரித்துக் கொடுத்தான்.

மாற்று வழி சொன்னவள் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பெண். சிரித்துக்கொண்டே வலிக்க வைக்கிற ரகம்.

"கையை அசைக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. அசைக்கிற மாதிரி நினைக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே?" என்றாள். "வாங்க, ஒரு வேடிக்கை காட்டறேன்."

மனைவியின் முன்கையில் வட்ட வட்டமாக வில்லைகள் ஒட்டி, அவற்றின் கம்பிகளை ஒரு மெஷினில் சொருகினாள். முழங்கை மடிப்பில் சுருக்கென்று ஒரு மின்தட்டு. தசை துடித்தது. திரையில் ஒரு கோடு எழும்பி உட்கார்ந்தது.

"டாக்டர் முழங்கால்ல சுத்தியலால தட்டுவாரில்ல, அதே கதைதான். சேதி முதுகுத்தண்டுக்குப் போய், அங்கேயே திரும்பி வந்து தசையைத் துள்ள வைக்குது. மூளைகிட்ட உத்தரவே கேக்காது. ஆனா நீங்க மனசுக்குள்ள கையை மடக்கினா, மூளை சும்மா இருக்காது. நிஜமா மடக்கறப்போ வேலை செய்யிற இடங்கள்ல முக்கால்வாசி முழிச்சிக்கும். சத்தமில்லாம முதுகுத்தண்டு வரைக்கும் சேதி இறங்கி, தயாரா இருன்னு சொல்லும். கை அசையாது. ஆனா இதே தட்டு தட்டினா துள்ளல் பெரிசா வரும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, பலருக்கு வரும். தினமும் செஞ்சா, கட்டுக்குள்ள கிடக்கிற கை தன் வேலையை மறக்காம இருக்கும்."

மெக்கானிக் முகம் மலர்ந்தது. "புரிஞ்சுது. லிஃப்ட் கதவு திறந்து கிடக்கறப்போ மேல்மாடியில பட்டனை அமுக்கின மாதிரி. பெட்டி நகராது. ஆனா மோட்டார் அறையில டக்குனு ஒரு சத்தம் கேக்கும்."

"அதேதான் சார்!"

அவன் அந்த மாதத்தில் சந்தோஷமாக இருந்த கடைசி நிமிஷம் அதுதான்.

"பந்தை அமுக்கற மாதிரி நினைங்க" என்றாள் பெண். கோடு கொஞ்சம் எழும்பியது. "வெளியில நின்னு படம் பாக்கற மாதிரி வேண்டாம். உள்ள இருந்து. விரல்ல தெரியணும். நீங்க தினம் செய்யிற வேலை ஏதாவது சொல்லுங்க?"

மனைவி கண்ணை மூடினாள். மூச்சு நிதானமானது. உதட்டோரத்தில் ஒரு சின்ன நெளிவு. மின்தட்டு தட்டியது. கோடு எகிறியது பாருங்கள், திரையின் கூரையை முட்டிக்கொண்டு வெளியே வந்து விளக்கை உடைத்துவிடும் போல.

"அம்மாடி! என்ன செஞ்சீங்க?"

"விரிப்பு மடிச்சேன்."

"தனியாவா?"

"அதெப்படித் தனியா மடிக்கிறது? எதிர்ல கொக்கு."

"கொக்கா?"

"என் கூட மடிக்கிற ஆளு. கை நீளம்."

கைநீளம் என்ற சொல் லிஃப்ட் மெக்கானிக்கின் காதில் பழுக்கக் காய்ச்சிய கம்பியாக இறங்கியது. அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண் நல்ல மனசோடு, "இப்போ வீட்டுக்காரர் உங்க கையில டீ கிளாஸ் குடுக்கற மாதிரி, நீங்க வாங்கற மாதிரி நினைங்க" என்றாள்.

மனைவி கண்ணை மூடினாள். மின்தட்டு. கோடு படுத்திருந்தது. இஸ்திரி போட்ட மாதிரி படுத்திருந்தது.

பொறாமைக்காரர்கள் எல்லாரும் வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பிழைப்பை ஓட்டுகிறவர்கள். பாவம், மெக்கானிக்குக்கு மட்டும் கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் வீட்டில் அதே காட்சி. மூன்றாம் மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைக்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்க ஏறி வந்து, கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ரொட்டியும் சூப்புமாக அவன் தட்டில் வைத்தால், அவள் இடது கையால் இரண்டு வாய் தின்றுவிட்டுச் சன்னலோர நாற்காலிக்குப் போவாள். வெளியே மழை. அவள் கண்ணை மூடுவாள். அவன் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்ப்பான்.

உதடு முணுமுணுக்கும். "உதறு… இழு… வா… ம்ம்."

அந்த "வா"தான் அவனைக் கொன்றது. வா என்றால் நெருங்கி வா என்று அர்த்தம். நெருங்கினால் முனைகள் சேரும். முனைகள் சேர்ந்தால் விரல்கள் உரசும். ஒரு விரிப்புக்கு இத்தனை உரசல் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை, இத்தனை வருஷத்துக்கு எத்தனை என்று அவன் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தான். கல்யாணமான நாள் முதல் தான் அவள் கையைத் தொட்டதையெல்லாம் கூட்டினாலும் கொக்கின் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது என்று விடை வந்தது.

"ஏம்மா."

"பேசாதீங்க. மடிச்சிட்டிருக்கேன்."

"அவன் இப்போ எங்க நிக்கிறான்?"

"எவன்?"

"அதான், கொக்கு."

"எதிர்ல."

"எந்தளவுக்கு எதிர்ல?"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "விரிப்பு நீளத்துக்கு. உங்களுக்கு வேற வேலை இல்லையா? பாத்திரம் கிடக்கு பாருங்க."

மறுநாள் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் குழிக்குள் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே விஷயத்தைத் தன் வேலை ஜோடியிடம் சொன்னான். ஜோடிக்கு டமாரம் என்று பெயர். அந்த ஆள் காதோடு ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார். அப்படிப்பட்டவரிடம், அதுவும் லிஃப்ட் குழியில் வைத்துச் சொன்னால் என்ன ஆகும்?

"டேய்!" என்றார் டமாரம். "பொண்டாட்டி கண்ணைத் திறந்துக்கிட்டு என்ன பண்றான்னு வேவு பாக்கறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு என்ன பண்றான்னு வேவு பாக்கறவனை இப்பதான்டா பாக்கறேன்!"

"மெதுவாப் பேசுங்கண்ணே."

"மெதுவாத்தான் பேசறேன்! அவ கை சரியாகணும்னு ஒரு காரியம் பண்றா. அதுல உனக்கென்ன எரிச்சல்?"

"அவனை நினைச்சாத் துள்ளுது. என்னை நினைச்சாப் படுத்துக்குது. கோடுண்ணே! கண்ணால பாத்தேன்."

"அப்போ நீ உள்ள பூந்துக்கோ."

"எங்க?"

"அந்த நினைப்புக்குள்ளதான்! கொக்கைத் தள்ளிட்டு நீ நில்லு! மடிப்பு கத்துக்கோடா!"

அந்தக் குழிக்குள் எழும்பிய சத்தம் ஒவ்வொரு மாடிக் கதவு இடுக்கிலும் கசிந்தது. வேலை முடிந்து இருவரும் வெளியே வந்தபோது இரண்டாம் மாடி வக்கீல் உதட்டைக் கடித்துக்கொண்டு, "வாழ்த்துகள்" என்றார்.

முதலில் எதிரியைப் பார்க்க வேண்டுமே. லாண்டரியில் சரக்கு லிஃப்ட் ஒன்று உண்டு. அதைச் சோதிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு மெக்கானிக் உள்ளே போனான். சோப்பும் சூடும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. உருளைகளின் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். கொக்கு என்று பெயர் வைத்தவன் வஞ்சனை செய்யவில்லை. காலும் கழுத்தும் அப்படியே. கை மட்டும் கொக்குக்கு இல்லாத அளவு. நின்ற இடத்திலிருந்தே பக்கத்துத் தெருவில் காயும் துணியை எடுத்துவிடலாம். எதிரே புதிதாக வந்த ஒரு குட்டைப் பெண் விரிப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

யாரோ காட்டிக் கொடுக்க, கொக்கு அவனை அடையாளம் கண்டு ஓடி வந்தான். "அண்ணே! புயல் எப்படி இருக்காங்க?"

"யாரு?"

"உங்க வீட்டுல. புயலுன்னாதான் இங்க எல்லாருக்கும் தெரியும். அந்த வேகம் யாருக்கு வரும்? நான் நடந்து போறதுக்குள்ள அவங்க வந்து, குடுத்து, திரும்பிப் போயிருப்பாங்க."

மெக்கானிக் வீட்டுக்கு வந்த வேகத்தில் மூன்று மாடியும் அவன் காலுக்குத் தெரியவில்லை.

"உனக்குப் புயல்னு பேரா?"

"லாண்டரிக்குப் போனீங்களா?"

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தறேன், எனக்குச் சொல்லவே இல்லையே!"

"சொல்லி? நீங்களும் கூப்பிடவா? வீட்டுல நான் எங்க புயலா இருக்கேன்? இங்க வந்தாலே காலை நீட்டி உக்காந்துக்கறேன்."

"அவனை நீ வா போங்கறே. என்னை நீங்க வாங்கங்கறே."

"அதுக்கும் பொறாமையா! சரி, நீ பாத்திரம் கழுவுடா. திருப்தியா?"

அவன் திருப்திப்படவில்லை. பீரோவிலிருந்து இருப்பதிலேயே பெரிய விரிப்பை எடுத்தான். ஒரு பக்கத்து முனைகளைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு, எதிரே நின்று உதறினான். அலமாரி மேலிருந்த கடிகாரம் விழுந்தது. கதவு அவனோடு ஒத்துழைக்க மறுத்து இரண்டு முறை மூக்கில் அடித்தது. மூன்றாம் நாள் மனைவிக்கே பாவமாகிவிட்டது. ஒரு முனையை இடது கையிலும் மற்றதைக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"இழுங்க. ஐயோ, ரேஷன் மூட்டையா இழுக்கறீங்க? மெதுவா."

"இப்போ வரவா?"

"வாங்க. அந்தக் கை இல்ல, இந்தக் கை. எனக்கு இடது, உங்களுக்கு வலது. முறுக்கிட்டீங்க பாருங்க."

"கொக்கு எந்தப் பக்கமா வருவான்?"

"அவன் வர்றதே தெரியாது."

இந்தப் பதிலுக்குப் பிறகு அவன் மடித்த மடிப்பு எப்படி இருந்திருக்கும்? அந்த விரிப்பைப் பார்த்தால் அதில் யானை பிரசவித்த மாதிரி இருந்தது. ஆனால் விடவில்லை. சாயங்காலம் தவறாமல் அவளை எழுப்பி நிறுத்தி, முட்டி, மோதி, கால் மிதித்து, "என்னையே நினைச்சுக்கோ, என்ன? கண்ணை மூடினா நான்தான் வரணும்" என்று வேறு சொல்லி அனுப்புவான். அவள் சிரித்துக்கொண்டே நாற்காலிக்குப் போவாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு குறைந்தது. முணுமுணுப்பும் நின்றது. நெற்றி சுருங்கியது. அவன் அதையெல்லாம் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டான்.

மழை ஓய்கிற நேரத்தில் எலும்பு கூடிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்துவிட்டு, இனி மெதுவாக அசைக்கலாம் என்றார். பிசியோ பெண் கட்டைக் கழற்றி, ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"பிடிங்க."

மனைவியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடின. பழக்கமில்லாத இருவர் மாதிரி தொட்டுக்கொண்டு நின்றன. காகிதம் நழுவித் தரையில் விழுந்தது. இன்னொரு முறை. அதுவும் விழுந்தது.

"பரவாயில்ல. வில்லை ஒட்டிப் பாப்போம். விரிப்பை மடிங்க, உங்க ஸ்பெஷல்!"

அவள் கண்ணை மூடினாள். மின்தட்டு. கோடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. திரும்பவும் தட்டு. திரும்பவும் படுக்கை.

"என்னங்க இது, போன தடவை அப்படித் துள்ளுச்சே? என்ன நினைக்கறீங்க?"

"அதே மடிப்புதான்" என்றாள் மனைவி. "ஆனா இப்போ எதிர்ல இவரு வந்து நின்னுக்கறாரு. துணி முறுக்கிக்குது. நான் அதைச் சரி பண்ணலாமா, இவரு காலை மிதிக்காம ஒதுங்கலாமான்னு யோசிக்கறதுக்குள்ள கையில ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. கொக்கைக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறான்."

உள்ளே போய்விட்டோம் என்ற கொண்டாட்டத்தில் மெக்கானிக்கின் நெஞ்சு ஒரு முறை நிமிர்ந்தது. உண்மையிலேயே நிமிர்ந்தது. அடுத்த கணம் தரையில் கிடந்த காகிதங்களைப் பார்த்தான். நிமிர்ந்ததெல்லாம் காற்றுப் போன டயராக இறங்கியது.

"மெஷின்லதான் கோளாறோ என்னவோ" என்று ஈனசுரத்தில் சொன்னான்.

"இருக்கலாம். உங்க கையைக் குடுங்க, பாத்துடலாம்" என்றாள் அந்தப் பெண்.

வேண்டாம் என்பதற்குள் வில்லை ஒட்டியாகிவிட்டது. சும்மா இருக்கும்போது சின்னத் துள்ளல். "விரிப்பை மடிங்க சார்." ஒரு மாற்றமும் இல்லை. "சரி, உங்களுக்குப் பிடிச்சது ஏதாவது செய்யுங்க. கையில பலமாப் பிடிக்கிற மாதிரி."

மெக்கானிக் கண்ணை மூடினான். அவன் தேடவே இல்லை. நீளமான கழுத்து ஒன்று தானாக வந்து அவன் இரண்டு கைக்கும் நடுவில் வாகாக நின்றது.

மின்தட்டு. கோடு எழும்பிய எழும்பலில் அந்தப் பெண் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "சார்! இந்த மெஷின் வந்ததுலேர்ந்து இப்படி ஒரு துள்ளலை நான் பாத்ததில்ல. என்ன செஞ்சீங்க?"

"ஒரு… ஒரு நட்டை முறுக்கினேன்."

மனைவி திரையைப் பார்த்தாள். அவன் காது சிவந்திருப்பதைப் பார்த்தாள். "அந்த நட்டுக்குக் கழுத்து நீளமா?" என்றாள்.

மெஷினில் கோளாறு இல்லை.

திரும்பி வரும்போது தூறல். ஒரே குடை. அவள் குடைக்கு வெளியே நடந்தாள்.

"நனையாதம்மா."

"நனைஞ்சா என்ன? நிலவறையில நனைஞ்ச துணியோடதானே கிடக்கப் போறேன்."

"நான் வேணும்னு பண்ணல."

"வேணும்னுதான் பண்ணீங்க. என் கைக்குள்ள இருந்த ஒரே சொத்து அந்த மடிப்பு. அதையும் கலைச்சிட்டீங்க. கொக்கு கொக்குன்னு சாகறீங்களே, அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு தடவை டிபன் டப்பாவுக்காகச் சண்டை போட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க அவனும் நானும் பேசவே இல்ல. ஆனா ஒரு விரிப்பு கோணலாப் போகல. எதிர்முனையில இழுப்பு இருக்கும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"என்னை நினைச்சப்போ ஏன் படுத்துக்கிச்சு?"

அவள் நின்றாள். மழை அவள் முகத்தில் வழிந்தது. "டீ குடுக்கறீங்கன்னா வாங்கிக் குடிக்கறேன். அதுல நான் எதை இழுத்துப் பிடிக்கணும்?"

இது பாராட்டா திட்டா என்று தெருமுனை வரைக்கும் யோசித்துப் பார்த்தான். விளங்கவில்லை. விளங்கின ஒன்று, இவர்கள் கிளம்பும்போது பிசியோ பெண் சொன்னது. நிஜ மடிப்பை ஒரு தடவை பழைய ஆளோடு செய்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் கண்ணை மூடினால் பழைய நினைப்பு திரும்பலாம். பழைய ஆள் என்றால் அவன்தான். வேறு கொக்கு ஊரில் இல்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் லாண்டரி வாசலில் போய் நின்றான். கொக்கு அவனைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"அண்ணே, நான் ஒண்ணும் பண்ணல."

"பண்ணணும். வீட்டுக்கு வாங்க."

"உங்க வீட்டுக்கா? போன தடவை முறைச்ச முறைப்புல எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல்ணே."

"மடிக்கணும்" என்றான் மெக்கானிக். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அவன் தாடை படாத பாடு பட்டது. "அவளுக்குக் கை பிடிக்கல. நீங்க எதிர்ல நின்னாதான் வரும் போல."

கொக்கு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "எனக்கும்தான் வரலை" என்றான் பிறகு. "புதுப் பொண்ணு முனையை நீட்டறப்போ என் கை வேற இடத்துல போய் நிக்குது. புயல் நிக்கிற இடத்துல. பழகிப்போச்சு." சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

மெக்கானிக் அதையும் விழுங்கினான்.

கூடத்து நாற்காலிகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கினார்கள். கொக்கு லாண்டரியிலிருந்து ஒரு விரிப்பைக் கடன் வாங்கி வந்திருந்தான். மனைவி வலது கையில் ஒரு முனையைச் சொருகிக்கொண்டு, விரல்களை இடது கையால் மூடிவிட்டாள். மெக்கானிக் டீ தட்டோடு சமையலறை வாசலில் நின்றான்.

"அவரு ஏன் அங்கேயே நிக்கறாரு?" என்று கொக்கு கிசுகிசுத்தான்.

"நிக்கட்டும். நீ இழு. மேற்பார்வை இன்னும் அந்தச் சட்டையேதான் போடறாரா?"

"அதேதான். நேத்து முழங்கையில கிழிஞ்சுது, பின்னு குத்தியிருக்காரு."

"உதறு."

வெள்ளைத் துணி நடுவில் வளைந்து ஏறி இறங்கியது. மேற்பார்வையாளரின் சட்டையைப் பற்றியும், புதுப்பெண்ணின் தும்மலைப் பற்றியும் வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கால்கள் பாட்டுக்கு நெருங்கின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. அவள் வலது கை முனையை நழுவவிட்டது. விழுவதற்குள் கொக்கின் நீளக் கை கீழேயிருந்து பிடித்துத் திரும்பக் கொடுத்தது. பேச்சு நிற்கவில்லை. உரசுமோ உரசுமோ என்று மெக்கானிக் கண்ணை அகல விரித்துப் பார்த்தான். உரசியது. அதை அவர்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவன் ஒருவன்தான் கவனித்தான். விரல் பட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டான். அந்தக் கவனிக்காமையைத்தான் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு பழக்கம் தனக்கு இந்த உலகத்தில் யாரோடும் இல்லை என்று தோன்றியது. டமாரத்தோடுகூட இல்லை.

"இப்போ கண்ணை மூடிக்கறேன்" என்றாள் மனைவி. "நீயும் மூடு."

"நானுமா?"

"எதிர்ல ஆள் வேணாமா?"

இருவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். விரிப்பு தரையில் கிடந்தது. கைகள் தொடைமேல் சும்மா கிடந்தன. இரண்டு பேர் கண்ணும் மூடியிருந்தது. மெக்கானிக்கின் கூடத்தில், அவன் வாங்கிப் போட்ட நாற்காலிகளில், அவன் கண்ணெதிரே, அவன் மனைவியும் அந்தக் கொக்கும் அவனுக்குத் தெரியாத ஒரு துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். இருமலாமா என்று யோசித்தான். தட்டைக் கீழே போடலாமா என்று யோசித்தான். போட்டால் அவள் கண்ணைத் திறந்துவிடுவாள். தட்டைச் சத்தமில்லாமல் அடுப்புமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றான். அவன் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை. அறுந்த கம்பிவடத்தில் தொங்கியதுகூட அதற்கு அடுத்துதான்.

அவள் உதடு அசைந்தது. "உதறு… இழு… வா…"

கண்ணைத் திறந்தாள். எழுந்து விரிப்பை எடுத்தாள். இந்த முறை இடது கையால் விரல்களை மூடிவிடவில்லை. உதறினார்கள். நெருங்கினார்கள். கொக்கு முனையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

"விடுங்க புயல். பிடிச்சிட்டேன்."

அவள் விடவில்லை.

"விடுங்க, மடிக்கணும்."

"இழு."

கொக்கு மெல்ல இழுத்தான். துணி விறைத்தது. அவள் கட்டைவிரல் நகம் வெளுத்தது. முன்கையில் ஒரு நரம்பு எழுந்து நின்றது.

"இன்னும் பலமா."

"வலிக்கப் போகுது…"

"இழுங்கய்யா!" என்று கத்தினான் மெக்கானிக். வாசலிலிருந்து கூடத்துக்குக் குதித்திருந்தான். "அவ பிடிப்பா! நீங்க இழுங்க! விட்டுராத! விட்டுராதம்மா!"

எவ்வளவு நேரம் பிடித்தாள் என்று கேட்டால், அவன் இன்றைக்கும் அரை நாள் என்பான். நாலு மூச்சு இருக்கும். பிறகு துணி அவள் விரலிலிருந்து வழுக்கியது. மூவருமே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மெக்கானிக் எடுத்து வந்த ஒரு டீயை மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். மற்ற இரண்டு கிளாஸ் அடுப்புமேலேயே ஆறிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

கொக்கு கிளம்பினான். மெக்கானிக் வாசல் வரைக்கும் போனான். கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கும் வாங்க" என்றான்.

உள்ளே திரும்பியபோது மனைவி தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, வயிறு எரியுதா?"

"எரியுது. பொய் சொல்ல மாட்டேன்."

"கிட்ட வாங்க."

குனிந்தான். அவள் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அவன் காது மடலைப் பிடித்துத் திருகினாள்.

"வலிக்குதா?"

"இது என்ன திருகல்? துணியை இதைவிடப் பலமால்ல பிடிச்சே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இப்போ?"

"அவன் இழுத்தப்போ இன்னும் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. அவன் போட்ட கூச்சலில், படியிறங்கிக்கொண்டிருந்த கொக்கு பதறிப்போய்க் கீழிருந்தே கேட்டான்:

"என்னாச்சு புயல்?"

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றாள் அவள், காதை விடாமல்.